பீரோவில் பூட்டிய மவுஸ்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிக்னல் பிராசசிங் பாடம் எடுத்தேன். நூற்பாலை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பேசுவதைப் பதிவு செய்து, அதற்கென ஒரு புரோகிராம் எழுதிக் கொண்டுபோனேன். திரையில் தெரியும் கோட்டை மவுஸால் இழுத்தால் இரைச்சல் குறையும். அதிகம் இழுத்தால் பேச்சும் சேர்ந்து போய்விடும். எங்கே நிறுத்துவதென்று மாணவர்கள் தங்கள் கையால் இழுத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பாடமே அதுதான்.

லேபில் மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் இருந்தது, மவுஸ் இல்லை. எல்லாவற்றையும் துறைத்தலைவர் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

"பிள்ளைக கையில குடுத்தா ஒடச்சிப்புடும் சார். நீங்க ஒண்ண வச்சு இழுத்துக் காமிங்க, அதுக பாத்துக்கிடட்டும்," என்றார்.

நான் இழுத்தேன். வகுப்பே என் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது.

ஆயுத பூசையன்று பீரோ திறந்தது. மவுஸ்களை வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாலை வந்திருந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் விஜயதசமி, பூசையில் வைத்ததை எடுத்து வேலை தொடங்க வேண்டிய நாள். விடுமுறையென்றும் பாராமல் தலைவர் காலையிலேயே வந்து, வைத்த பொட்டு கலையாமல் அத்தனையையும் திரும்பப் பூட்டிவிட்டுப் போனார்.