படகு வந்தால் பள்ளிக்கூடம்

எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை சேர்க்க வரும் பெற்றோருக்குக் கொடுக்கிற தகவல் தாளை நாலு வருடமாக நான்தான் எழுதுகிறேன். நான் ஆசிரியை இல்லை. பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரை படித்தவள். கணவர் கடலுக்குப் போகிறவர். என் கையெழுத்து வடிவாக இருக்கும், அவ்வளவுதான் தகுதி. முதல் வருடம் எழுதிய தாளில் ஒரு பிழை விட்டேன். அந்தப் பிழையால் என் மகள் இன்று என்னோடு இல்லை. யாரும் பயப்பட வேண்டாம், சுகமாகத்தான் இருக்கிறாள். யாழ்ப்பாணத்தில், அவளுடைய மாமி வீட்டில். என் வீட்டில் இல்லை, அதுதான் கதை.

அந்த வருடம் தரம் ஒன்றுக்கு என் மகள் ஒருத்திதான். முழுப் பள்ளிக்கூடத்துக்கும் பதினேழு பிள்ளைகள். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை.

“தனிய ஒரு பிள்ளை இருந்து என்னத்தைப் படிக்கிறது? ரீச்சரின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? அக்காவிட்டை விடுவம். அங்கை பெரிய பள்ளிக்கூடம்.”

“அவளுக்குத் தலை இழுத்துப் பின்னத் தெரியாது. கக்கூசுக்குப் போறதெண்டாலும் என்னைத்தான் கூப்பிடுறவள்.”

“பழகுவாள்.”

இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனை எனக்குப் பிடிக்காது. எதைப் பறித்தாலும் பழகுவாய் என்று சொல்லிவிடலாம்.

இரண்டு கிழமை சண்டை பிடித்தோம். கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

“சரி. முதலாம் வகுப்புக்கு இன்னொரு பிள்ளை வந்தா இவள் இஞ்சை படிக்கட்டும். வராட்டி யாழ்ப்பாண ரவுண்தான். பிறகு நீ அழக் கூடாது.”

“நான் எப்ப அழுதனான்?”

“இப்பவே மூக்கு ஒழுகுது.”

ஆக எனக்கு ஒரு பிள்ளை தேவைப்பட்டது. யாருடைய பிள்ளையானாலும் சரி, ஐந்து வயது முடிந்திருக்கவேண்டும்.

மார்கழியில் பிள்ளை வந்தது. இந்தியாவில் அகதி முகாமில் இருந்த ஒரு குடும்பம் திரும்பி வந்து, இடிந்துபோய்க் கிடந்த தங்கள் வளவில் தகரம் போட்டு இருந்தார்கள். அந்தத் தாய் முகாமிலேயே பிறந்தவள். தகப்பன் எங்கள் தீவு, அவளுக்குத் தீவு தெரியாது. ஒரே ஒரு பெண்பிள்ளை. நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அன்றே போனேன். இரண்டு பிள்ளைகளும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்தன.

“நீ ஏன் ரிவி மாதிரிக் கதைக்கிறாய்?” என்று என் மகள் கேட்டாள்.

“நீதான் ஒருமாதிரி பேசுற,” என்றது அது.

பத்து நிமிடத்தில் இருவரும் ஒரு சிரட்டையில் மண் கிண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தத் தாயோ இன்னும் ஒன்றும் முடிவெடுக்கவில்லை. புருசனின் தமையன் வேலணையில் இருக்கிறாராம், அங்கே வரச் சொல்கிறாராம். “இங்க ஸ்கூல் நல்லாருந்தா இங்கயே இருந்துடலாம்கா,” என்றாள். நல்லாருந்தா. அந்தச் சொல் என் தலைக்குள் போய் இருந்துவிட்டது.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் வருகிற ஒரு அம்மா. ஊர்காவற்றுறை வரை பஸ், பிறகு படகு. மற்ற ஆசிரியர்களும் அப்படித்தான். விடுமுறை தொடங்குகிற கடைசி நாள், துறையில் படகுக்கு நின்றபடி என்னிடம் சொன்னார்: “நீர்தானே பெற்றோர் சங்கத்துச் செயலாளர். புதுப் பெற்றோருக்கு ஒரு தாள் எழுதி வையும். என்ன கொண்டுவரவேணும், எப்ப வரவேணும், அவ்வளவுதான்.”

“நேரத்தை என்னெண்டு போடுறது ரீச்சர்?”

அவர் சிரித்தார். “அது எல்லாருக்கும் தெரியும்தானே.”

தெரியும்தான். எங்கள் தீவில் பள்ளிக்கூடம் மணிக்கூட்டைப் பார்த்துத் தொடங்குவதில்லை. ஆசிரியர்களைக் கொண்டுவருகிற படகு முனையைத் தாண்டும்போது அதன் இயந்திரச் சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்கும். அப்போதுதான் தாய்மார் சீப்பை எடுப்பார்கள். படகு துறையில் கட்டுவதற்குள் இரண்டு பின்னலும் முடிந்துவிடும். ஆசிரியர்கள் நடந்து வர, பிள்ளைகள் ஒவ்வொரு ஒழுங்கையிலிருந்தும் வந்து அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். எட்டு மணிக்குப் படகு வந்தால் எட்டுக்குப் பள்ளிக்கூடம். ஒன்பதுக்கு வந்தால் ஒன்பதுக்கு. வாடைக்காற்று அடித்துப் படகு வராவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. என் மகளுக்கு நாலு வயதிலேயே சத்தத்தை வைத்து எந்தப் படகு என்று சொல்லத் தெரியும். எனக்கு முதல் அவளுக்குக் கேட்டுவிடும். ஓடிவந்து என் மடியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பாள்.

இதை எழுதவேண்டியதுதானே? எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. படகு வந்தால் பள்ளிக்கூடம் என்று எழுதினால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? இதுவும் ஒரு பள்ளிக்கூடமா என்று வேலணைக்குப் போய்விடுவாள். என் கணவர் ரவுணிலிருந்து கொண்டுவந்து என் முன்னால் போட்ட பெரிய பள்ளிக்கூடத்துத் தாள் வீட்டில் கிடந்தது. வழுவழுப்பான தாள், நிறப் படங்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்து எழுதினேன்.

‘வாகனங்களை வாயிலின் முன் நிறுத்த வேண்டாம்’ என்பதை விட்டுவிட்டேன். எங்கள் தீவில் இருப்பது ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம்தான். ஆனால் ‘பாடசாலை காலை 7.30க்கு ஆரம்பமாகும்’ என்பதை எழுதினேன். ‘தாமதமாக வரும் மாணவர்கள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்’ என்பதையும் எழுதினேன். அந்த வசனம் நிமிர்ந்து நின்றது. பெரிய பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன், மடைச்சி.

எழுதியிருக்க வேண்டியவை எத்தனையோ. எங்கள் பள்ளிக்கூடத்தில் முறை வைத்துத் தாய்மார் சமைக்கிறோம், எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று எங்களுக்குத் தெரியும். தேவாரமும் பாடுவார்கள், யேசுவுக்கும் செபம் சொல்வார்கள், எல்லாப் பிள்ளைக்கும் இரண்டும் பாடம். காய்ச்சல் என்றால் அதிபரே வீட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். இதில் ஒன்றைக்கூட எழுதவில்லை. வழுவழுப்பான தாளில் அதெல்லாம் இருக்கவில்லையே.

தாளைக் கொண்டுபோய் அந்தத் தாயின் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி முழுவதையும் நின்றபடியே வாசித்தாள்.

“வேற எதுவும் தெரிஞ்சுக்கணுமாக்கா?”

“எல்லாம் இதிலை இருக்கு,” என்றேன்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய நாள் நல்ல வாடைக்காற்று. நான் விடியவே மகளைக் குளிக்கவார்த்து, வெள்ளைச் சட்டை போட்டு இருத்திவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். ஏழரை, எட்டு, எட்டரை. படகைக் காணோம். எனக்கு அது ஒரு விசயமே இல்லை. எட்டேமுக்காலுக்கு மகள் சொன்னாள், “அம்மா, வருது.” சீப்பை எடுத்தேன். அன்றைக்கு நல்ல வடிவாகப் பின்னிவிட்டேன், கறுப்பு ரிபனும் கட்டினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் அதிபர் படலை வாசலில் நிற்கிறார்.

“எங்கை மற்றப் பிள்ளை?”

“வரேல்லையோ ரீச்சர்?”

பின்னால் வந்த படகோட்டி அண்ணையின் மனைவிதான் சொன்னாள். அன்று சமையல் முறை அவளுடையது. “அந்த இந்தியாக் குடும்பமோ? இப்ப திரும்பின படகிலை எல்லோ போகினம். மூண்டு பேரும், பையோடை.”

அதிபரின் முகம் மாறியது. “ஒரு பிள்ளையைச் சால்வையாலை மூடித் தூக்கிக்கொண்டு ஏறினவை. சுகமில்லாத பிள்ளையாக்கும் எண்டு வழி விட்டனான்.”

நான் மகளை அங்கேயே விட்டுவிட்டுத் துறைக்கு ஓடினேன். படகு முனைக்கு அப்பால் போய்விட்டது. சத்தம் மட்டும் கேட்டது. கையைக் காட்டிக் கத்தினேன். அந்தக் காற்றில் யாருக்குக் கேட்கும்?

சனிக்கிழமை வேலணைக்குப் போனேன். சாட்டிக் கடற்கரைக்குப் போகிற வழியில் தமையன் வீடு. கோபத்தோடுதான் போனேன். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். அந்தப் பெண் என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்து வைத்து, எனக்கு முதல் அவளே தொடங்கினாள்.

“தப்பு எங்க மேலதான்கா. பாப்பா காலைல வாந்தி எடுத்துட்டா. நாங்க வந்து சேர ஏழு முப்பத்தஞ்சு. கேட்டு கட்டியிருந்துச்சு.”

எனக்கு விளங்கவில்லை. “எந்தக் கேற்?”

“ஸ்கூல் கேட்டுதான். கயித்தால கட்டியிருந்துச்சே.”

“கூப்பிட்டிருக்கலாமே!”

“எப்படிக்கா கூப்பிடறது? லேட்டா வந்தா சேத்துக்க மாட்டோம்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க. கொஞ்ச நேரம் நின்னு பாத்தோம். உள்ள சத்தமே கேக்கல. பிள்ளைங்க எல்லாம் எவ்வளவு அமைதியா உக்காந்து படிக்குதுங்க பாருன்னு இவர்கிட்ட சொன்னேன்.”

“உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை,” என்றேன். “ஆடு வரக்கூடாதெண்டு கட்டுற கயிறு அது.”

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“முகாம்ல கேட்டு மூடினா மூடினதுதான்கா. நின்னு கத்தி ஒண்ணும் ஆகாது. அதான் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துட்டுக் கரைக்கு வந்துட்டோம்.”

திரும்பி வாரும் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. புருசனுக்கு மேசன் வேலை கிடைத்துவிட்டது, பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டார்கள். பிள்ளை பக்கத்து வளவில் இன்னொரு பிள்ளையோடு ஓடிக்கொண்டிருந்தது. முகாம் கடதாசிகள் வைத்திருந்த பையைத் திறந்து என் தாளை எடுத்துக் காட்டினாள். மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். “உங்க எழுத்து ரொம்ப அழகா இருக்குக்கா. தூக்கிப் போட மனசு வரல,” என்றாள். அவளுக்கு ஏசவந்த வாயால் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் கணவரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. “சொன்னது சொன்னதுதான்,” என்றார். அடுத்த திங்கட்கிழமை மூவரும் துறைக்குப் போனோம். படகு வந்தது, ஆசிரியர்கள் இறங்கினார்கள். அதிபர் மகளின் தலையைத் தடவினார். என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு நாங்கள் ஏறினோம். மகள் கரையையே திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, ரீச்சர்மார் வந்திட்டினம். நாங்கள் ஏன் போறம்?”

நான் அவளுடைய ரிபனை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

இப்போது அவள் நாலாம் வகுப்பு. மாதத்தில் இரண்டு தரம் வெள்ளிக்கிழமை வருவாள், ஞாயிறு போய்விடுவாள். மச்சாள், அவருடைய அக்கா, நல்ல மனுசி, குறை சொல்லமாட்டேன். பேன் பிடிக்கிறது என்று முதல் வருடமே தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டார். சீப்புக்கு வேலையில்லை. போன தரம் வந்தபோது சனிக்கிழமைக் காலை படகுச் சத்தம் கேட்டது. “எந்தப் படகு, சொல்லு பாப்பம்,” என்றேன். மணிக்கூட்டைப் பார்த்தாள். “எட்டு மணிப் படகாக்கும்,” என்றாள்.

பிள்ளைக்கு நல்லதுதானே என்று ஊரில் சொல்கிறார்கள். நல்லதுதான். இங்கிலீசு வாசிக்கிறாள். நீங்கள் உங்கள் நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் முனையில் படகு சத்தம் போட்டால் என் கை இன்னும் சீப்பைத் தேடுகிறது. அடுப்படியில் நின்றாலும் தேடுகிறது. அதற்கு என்ன செய்ய?

இந்த வருடம் தரம் ஒன்றுக்கு மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்றே மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“இஞ்சை வந்து படிக்கிறியோ? இப்ப பிள்ளையள் கூட.”

“அம்மா, எனக்கு வாற வருசம் ஸ்கொலஷிப் சோதினை எல்லோ,” என்றாள். பெரிய மனுசி மாதிரி, நான் நோகக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள்.

பழகிவிட்டாள்.

புதுத் தாளை நேற்று எழுதி முடித்தேன். எந்தத் தாளையும் பார்த்து எழுதவில்லை. பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் கொண்டுவாருங்கள். தண்ணீர் வீட்டிலிருந்து கொடுத்து அனுப்புங்கள், பள்ளிக்கூடத்துக் கிணறு உப்பு. சப்பாத்து இல்லாவிட்டால் பரவாயில்லை. சாப்பாடு நாங்கள் சமைப்போம், உங்களுக்கும் முறை வரும், சாட்டுச் சொல்ல ஏலாது. காற்று நாளில் படகு இல்லை, படகு இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை.

ஒரு இளம் தாய் வாசித்துவிட்டுக் கேட்டாள், “அக்கா, எத்தினை மணிக்கு எண்டு போடேல்லையே?”

“காது கேக்கும்தானே உமக்கு? முனையிலை சத்தம் கேட்டாப் பிள்ளைக்குத் தலையை இழும். அதுதான் நேரம்.”

அதையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். தாளின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது. அதில் இதை எழுதினேன்:

‘படலை கட்டியிருந்தால் அது ஆட்டுக்கு. பிள்ளையோடு வருகிறவர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்து இருங்கள்.’