ஒரு மணிக்கு ஒருத்தி

வெர்லீனின் விரல்கள் கிடாரின் புதுக் கம்பியைத் துளையில் கோத்தன, முறுக்கின, மிச்சத்தைக் குறட்டால் நறுக்கின. நறுக்கிய வேகத்தில் துண்டு போய்ச் சுவரில் அடித்தது.

"அந்த கிடார் உன்னை என்னடி பண்ணிச்சு?" என்றாள் ராக்ஸி.

வெர்லீன் அடுத்த கம்பியை எடுத்தாள். நாஷ்வில்லில் அந்த ஒலிப்பதிவு அறையை மதியம் வரைக்கும்தான் தந்திருந்தார்கள்.

கென்டக்கி மலையில் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டே பாட்டுக் கட்டியவள் வெர்லீன். சாராயக் கடைகளில் பாடினாள். இசைத்தட்டு வந்ததும் அதைக் காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வானொலி நிலையங்களின் வாசலில் நின்றாள். பாட்டுப் போடுகிறவருக்குக் கையோடு பெக்கான் கொட்டை போட்ட கேக்கும் கொண்டுபோக வேண்டும். அதுதான் வழக்கம்.

மலைப் பக்கத்து நிலையத்தில் பாட்டுத் தேர்ந்தெடுப்பவர் ஹோலிஸ் ப்ரூயிட். அவர் ஒதுக்கினால் சுற்றுவட்டாரமே ஒதுக்கும். அப்புறம் திரும்பவும் காலர்தான். போன வசந்தத்தில், அம்மாவைப் பற்றி அவள் கட்டிய பாட்டை ஹோலிஸ் முழுக்கக் கேட்டார், கேக்கையும் தின்றார்.

"பாட்டு அருமை தங்கம். ஆனா இப்ப ராக்ஸி பாட்டு ஓடுது. மணிக்கு ஒரு பொம்பளைக் குரல்தான். அதுக்கு மேல போட்டா கேக்குறவன் ரேடியோவைத் திருப்பிடுவான்."

வானொலியில் ஆண்கள் மட்டும் ஒருவர் பின் ஒருவராக நாள் முழுக்கப் பாடினார்கள். வெர்லீனோ ராக்ஸி டாட்லாக்கைத்தான் திட்டினாள். மேடைக்குப் பின்னால் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இலையுதிர் காலத் திருவிழாவில் உடை மாற்ற இருவருக்கும் ஒரே வண்டியைக் கொடுத்தார்கள். ராக்ஸி சீப்பை விட்டெறிந்தாள்.

"உன் பாட்டு ஓடுதுன்னு சொல்லியே அந்த ஹோலிஸ் என் பாட்டைத் தொடமாட்டேங்கிறான். அப்படி அவனுக்கு என்னதான் சுட்டுக் குடுக்கிற?"

"என் பாட்டா? எங்க ஓடுது? உன் பாட்டு ஓடுதுன்னுல்ல என்கிட்ட சொன்னான்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் தப்பான ஆளை வெறுத்திருக்கிறோமே என்று வெர்லீனுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே, அந்த வண்டிப் படியில் உட்கார்ந்து புதுப் பாட்டு ஒன்று கட்டினாள். ஒருத்தி தொடங்கும் வரியை மற்றவள்தான் முடிப்பாள். ஒரு குரலை எடுத்தால் பாட்டே நிற்காது.

அதைத்தான் இப்போது நாஷ்வில்லில் பதிவு செய்தார்கள். ஒரு குரல் போதுமே என்றார் பதிவு செய்பவர். வெர்லீன் பார்த்த பார்வையில் இரண்டாவது மைக்கையும் எடுத்து வைத்தார்.

இசைத்தட்டு வந்ததும் இருவரும் ஒரே காரில் மலையேறினார்கள். ஹோலிஸின் கண் முதலில் கேக்கைத் தேடியது. பிறகு உறையில் இருந்த இரண்டு பெயர்களையும் படித்தார்.

"இது என்ன தங்கம், ரெண்டு பொம்பளைங்க?"

"நான் தங்கமும் இல்ல, தகரமும் இல்ல. என் பேரு வெர்லீன். இது ஒரே பாட்டு. மணிக்கு ஒண்ணுன்னு உங்க சட்டப்படியே போடுங்க. இல்லேன்னா, எங்க ரெண்டு பேர்கிட்டயும் நீங்க சொன்ன பொய்யை இன்னையிலிருந்து ஒவ்வொரு மேடையிலயும் பாட்டுக்கு முன்னாடி சொல்லுவோம்."

ஹோலிஸ் ராக்ஸியைப் பார்த்தார். அவள் கதவை மறைத்து நின்றுகொண்டிருந்தாள். அவர் மெல்லக் கையை நீட்டினார். வெர்லீன் அந்தக் கையில் இசைத்தட்டை வைத்தாள்.