மூன்று விரல் துணி

எங்கள் இராணுவ இசைப் பள்ளியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஜெனரல்களைப் பற்றி எழுதுகிறார்கள். தையல் அறையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. எனக்கு அதில் எரிச்சல் உண்டு. இத்தனைக்கும் அந்த அறையின் தையற்காரி கிளஃபீரா சவேல்யெவ்னாவுக்கும் எனக்கும் இருபத்தாறு வருடமாக ஆகாது. நான், புரோகர் இலியிச், வாத்தியக் கிடங்கின் பொறுப்பாளன். ஒரே நடைவழியில் எதிரெதிர்க் கதவுகள். என் எக்காளங்களின் எண்ணெய் நாற்றம் அவள் துணியில் ஏறுகிறது என்பாள். அவள் இஸ்திரிப் பெட்டியின் ஆவி என் முரசுத் தோலைத் தளர்த்துகிறது என்பேன். இரண்டும் உண்மைதான்.

கிளஃபீரா வோலக்தா பக்கத்துக்காரி. இளம் வயதில் கணவனை இழந்து மாஸ்கோவுக்கு வந்தவள், பிள்ளை இல்லை. விடுதிப் பையன்களுக்கு அவள் கிளாஷா அத்தை. பொத்தான் அறுந்துவிட்டது என்று வருவார்கள், ஊரிலிருந்து கடிதம் வரவில்லை என்று அழுதுவிட்டுப் போவார்கள். அவள் ஆறுதல் எதுவும் சொல்லமாட்டாள். பொத்தானை மட்டும் இன்னொருமுறை அறுக்க முடியாதபடி தைத்துக் கொடுப்பாள்.

இஞ்ச் டேப்பால் அவள் பையன்களை அளப்பதெல்லாம் பேருக்கு. உண்மையான அளவை உணவுக்கூடத்தில்தான் எடுப்பாள். ஜனவரியில் ஒரு வாரம் வாசலோரம் உட்கார்ந்துகொண்டு, யார் பக்வீட் என்னும் தானியக் கஞ்சிக்கு இரண்டாம் முறை தட்டை நீட்டுகிறான் என்று பார்ப்பாள். அவன் மே மாதத்துக்குள் நெடுநெடுவென்று வளர்வான். அப்படிப்பட்டவனின் அணிவகுப்பு உடையில், சட்டைக்கைக்குள் மூன்று விரல் அகலத் துணியை மடித்து ஒளித்துத் தைத்துவிடுவாள். மே பிறந்ததும் வேண்டிய அளவு இறக்கிவிடுவாள்.

மே ஒன்பதாம் தேதி, வெற்றி நாள் அணிவகுப்பில், மாஸ்கோவின் பெரிய சதுக்கத்தில் முதலில் கால் வைப்பது எங்கள் முரசுப் பையன்கள். டாங்கிகள்கூட அவர்களுக்குப் பின்னால்தான் வரும். குச்சி வாய் உயரத்துக்கு எழும்பும்போது சட்டைக்கை குட்டையாக இருந்தால், வெள்ளைக் கையுறைக்கு மேலே வெறும் மணிக்கட்டு பளிச்சென்று தெரியும். ஒருவனுக்குத் தெரிந்தால் போதும், மொத்த வரிசையும் கெட்டது. அவள் காலத்தில் உடையின் குறையால் ஒரு பையன்கூட வரிசையை விட்டு வெளியே வந்ததில்லை. வருடா வருடம் இதை என் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுவாள்.

போன குளிர்காலத்தில்தான் கர்னல் லோபுகோவ் எங்களுக்குத் துணைத் தலைவராக வந்தார். பிப்ரவரியில் உடைகளைப் பார்வையிட்டவர், சட்டைக்கை தடித்துக் கிடப்பதைக் கண்டு ஒன்றைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே இருந்த மடிப்பைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"சிப்பாய் உடுப்புக்குள்ள என்ன ரகசியம்? எல்லாத்தையும் வெட்டுங்க."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கஞ்சியை வைத்து அளவெடுக்கும் கதையை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கட்டளை கட்டளைதான். வெட்டினாள். வெட்டிய துண்டுகளை வாத்தியம் துடைக்க என் கிடங்குக்கு அனுப்பிவைத்தார் கர்னல். எனக்கு உபகாரம் செய்ததாக நினைப்பு. முரட்டுக் கம்பளித் துணியால் பித்தளையைத் துடைக்க நான் என்ன மடையனா? பழைய பனியன் துணியைத் தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை. மூட்டையைப் பெரிய முரசுக்கு அடியில் தள்ளினேன், மறந்தும் போனேன்.

மார்ச், ஏப்ரல் முழுக்கப் பயிற்சி அன்றாட உடையில் நடந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மே ஏழாம் தேதி, முழு உடை ஒத்திகையில் முரசு முழங்கியது, குச்சிகள் எழுந்தன, ஒன்பது ஜோடி மணிக்கட்டுகள் வெயிலில் மின்னின. அணிவகுப்புக்குப் பொறுப்பான ஜெனரல் ஒன்பது பேரையும் வரிசையிலிருந்து வெளியே எடுத்தார்.

ஒன்பது பேரும் கடைசி வருடத்துப் பையன்கள். இந்த முறை விட்டால் அவர்களுக்கு அந்தச் சதுக்கம் இல்லை. அவர்களில் ஸாகர் பெலிக் என்பவனின் தாய், மகன் முரசடிப்பதைப் பார்க்க சைபீரியாவிலிருந்து நான்கு நாள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். பையன்கள் நடைவழியில் வாத்தியப் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கர்னலுக்கும் மனம் கேட்கவில்லை. ஜெனரலிடம் போய் நின்று கெஞ்சி ஒரு தவணை வாங்கி வந்தார். ஒன்பதாம் தேதி காலைச் சோதனைக்குள் உடை சரியானால் போகலாம்.

புதுத் துணி ஒட்டலாமே என்றால், அது வேறு சாயத்தில் வந்த பீஸ். வெயில் பட்டால் வேறு நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டாம் தேதி காலை கிளஃபீரா என் வாசலில் வந்து நின்றாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அந்தப் படியை மிதித்தது அதுதான் முதல் தடவை.

"புரோகர் இலியிச், பிப்ரவரியில ஒரு மூட்டை கந்தல் வந்துச்சே. அத வச்சு உங்க தகரத்தையெல்லாம் தொடச்சுத் தீத்துட்டீங்களா?"

அவளைக் கொஞ்சம் கெஞ்சவிட்டிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

"உங்க துணிய என் வாத்தியத்து மேல படவிடுவேன்னு நெனச்சீங்களா?" என்று சொல்லி மூட்டையை இழுத்துப் போட்டேன்.

அவிழ்த்துப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிறகு அழுகைக்கு நேரமில்லை. பதினெட்டுச் சட்டைக்கைகள். ஓரத்திலுள்ள ஜரிகைப் பட்டையைப் பிரிப்பது, துண்டை ஒட்டுவது, ஒட்டிய தையல் மேலேயே ஜரிகையைத் திரும்ப வைத்து மூடுவது. பையன்கள் ஜரிகையைப் பிரித்தார்கள். நான் ஊசிக்கு நூல் கோத்தேன். மதியம் கர்னலே வந்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் தலை நிமிராமலே சொன்னாள்:

"நூலப் பிரிங்க கர்னல், துணிய இல்ல. நீங்க வெட்டுனது போதும்."

பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். கர்னல் காது சிவக்கச் சிவக்க நூலைப் பிரித்தார். இரவுச் சாப்பாட்டு மணி அடித்தபோது கடைசிச் சட்டைக்கை இஸ்திரி மேசையில் இருந்தது.

மறுநாள் காலை ஜெனரல் ஸாகரின் சட்டைக்கையை விரலால் தடவிப் பார்த்தாராம். குறை எதுவும் காணாமல் அடுத்தவனிடம் போனாராம்.

தையல் அறைத் தொலைக்காட்சியில் அணிவகுப்பைப் பார்க்க அவள் என்னையும் கூப்பிட்டாள். கறுப்பு ரொட்டியும் தேநீரும் வைத்தாள். எங்கள் பையன்கள் சதுக்கத்தில் நுழைந்தபோது ஊரே அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கும். அவளோ அவர்கள் கைகளை மட்டும் பார்த்தாள். வரிசை வரிசையாக எண்ணுவதுபோல் உதடு அசைந்தது.

"தெரியல," என்றாள்.

"என்ன தெரியல?"

"ஒரு மணிக்கட்டுகூடத் தெரியல."

நான் மேசையைத் தட்டியதில் தேநீர் கொட்டிவிட்டது. நல்லவேளை, துணியில் படவில்லை.

திரும்பி வந்ததும் முற்றத்தில் பள்ளித் தலைவருக்கு மரியாதை முரசு அடிப்பது எங்கள் வழக்கம். அன்றும் அடித்தார்கள். ஆனால் கலைந்து போகவில்லை. யாரும் கட்டளை கொடுக்காமலே மொத்த அணியும் தையல் அறை ஜன்னல் பக்கம் திரும்பி, இன்னொரு முறை முழங்கியது. முழக்கம் நின்றதும் எல்லாக் குச்சிகளும் வாய் உயரத்தில் அப்படியே நின்றன. வாயிற்கம்பிக்கு வெளியே ஸாகரின் தாய் கை தட்டிக்கொண்டிருந்தாள். கர்னல் லோபுகோவ் ஜன்னலைப் பார்த்து சல்யூட் அடித்தார்.

கிளஃபீரா ஜன்னலைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"போதும், கைய எறக்குங்கடா," என்று கத்தினாள். "நூல் இழுக்குது!"