விருத்தாசலத்தில் ஒரு நீலப் புள்ளி

போன மாதம் இரண்டு நாள் விருத்தாசலத்தில் இருந்தேன். கோயில் பார்க்க அல்ல, என் ஆராய்ச்சிக்காக. தலை குனிந்துதான் திரும்பினேன். இதே மாதிரி வேலையாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தப் புத்தியாவது வந்ததே.)

எழும்பூரிலிருந்து ரயிலில் மூன்றரை மணி நேரம். ஜங்ஷனிலிருந்து பீங்கான் பட்டறைகளுக்கு ஆட்டோ நூறு ரூபாய். "பொம்ம வாங்கவா மேடம்? கொலு சீசனு, வெல ஏத்தி வச்சிருப்பாங்க" என்றார் டிரைவர். ஆராய்ச்சி என்றேன். "அது வேறயா" என்று ஹாரன் அடித்தார்.

விஷயம் இதுதான். பொம்மைகள் சூளைக்குப் போகுமுன், காயும்போதே விரிசல் விடுகின்றன. ஏன் என்று பார்க்க, காயவைக்கும் தட்டுகளில் பட்டன் அளவுக் கருவிகளை ஒட்டினேன். அவை ஈரத்தை அளந்து புளூடூத்தில் சொல்லும். அதைக் கேட்டு இணையத்தில் ஏற்றத் தனியாக ஒரு பெட்டி வைக்காமல், அங்கே நடமாடுகிறவர்களின் போன்களையே கேட்க வைத்தால் என்ன? இதற்கு ஓர் ஆப் எழுதியிருந்தேன். போன் எங்கே இருக்கிறது என்பதையும் அது குறித்துக்கொள்ளும்.

முதலாளி சொன்னதும் எல்லோரும் போனை நீட்டினார்கள். பொம்மைக்குக் கண் எழுதும் லூர்துமேரி, "கையெல்லாம் பெயிண்டு, நீங்களே அமுக்கிடுங்க மேடம்" என்றார். அவர் போனிலும், மற்ற எல்லோர் போனிலும் 'சம்மதம்' என்ற இடத்தில் நானே அழுத்தினேன். யாருடையது எது என்று தெரிய, பெயரையும் தட்டினேன். இடம் பதிவாகும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. விளக்கினால் நேரமாகும் என்றுதான்.

ராத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ். எண்ணூறு ரூபாய், சுத்தமான அறை, நல்ல தூக்கம்.

மறுநாள் மதியம் லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்து முதலாளியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்குள் புள்ளிகள் கொத்தாக இருந்தன. ஒரு நீலப் புள்ளி மட்டும் முந்தின நாள் மாலை முழுக்க இரண்டு தெரு தள்ளி நின்றிருந்தது.

"இது யாரு?" என்றார். நானும் ஏதோ வித்தை காட்டுகிற மாதிரி அதைத் தட்டினேன். லூர்துமேரி என்று பெயர் வந்தது.

"புள்ளைக்குக் காய்ச்சல்னு அரை நாள் லீவு கேட்டுட்டுப் போனாங்க. அந்தத் தெருவுல இருக்கற பட்டறையில போயி கண்ணு எழுதியிருக்காங்க. எங்க பொம்ம மொகம் அங்கயும் வந்துட்டா எங்கள யாரு தேடி வருவாங்க?" சீசனில் கண் எழுதுகிறவர்களை இழுத்துக்கொள்வதுதான் அங்கே பெரிய பகையாம். எனக்கு அதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது.

அவர் உள்ளே போய், "நாளையிலருந்து நீங்க அங்கயே போயிடுங்க" என்று மட்டும் சொன்னார். லூர்துமேரி நேராகப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வசந்தாவிடம் திரும்பினார். விஷயம் தெரிந்தவர் வசந்தா ஒருவர்தான். "ஒன் வூட்டுல சாப்பிட்டவடி நான்! போட்டுக் குடுத்துட்டியே!" வசந்தா எவ்வளவோ மறுத்தார். கடைசியில் அழுதபடி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வசந்தா கேட்டைத் தாண்டிப் போனபிறகுதான், காட்டிக்கொடுத்தது என் ஆப்தான் என்று லூர்துமேரியிடம் சொன்னேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அவர் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அப்ப வசந்தா சொல்லலியா?" என்றார். "எல்லாரு முன்னாடியும் என்னென்னமோ கேட்டுட்டேனே மேடம்." முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்தேன். சீசன் முடியட்டும் என்றார்.

போகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். கருவிக்குத் தேவையில்லாத எதையும் போனிடம் கேட்காதீர்கள். பெயர் வேண்டாம். கையைக் கழுவிவிட்டு வரும்வரை காத்திருங்கள், அவர்களே படித்து அழுத்தட்டும். சென்னைக்கு பஸ்ஸில் ஐந்து மணி நேரம், ஜன்னலோரம் உட்காருங்கள்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் மனது கேட்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். வசந்தாவின் புள்ளி ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் ஒரு வீட்டில் அசையாமல் இருந்தது. லூர்துமேரியின் நீலப் புள்ளி அந்தத் தெருவுக்குள் நுழைந்து, மெல்ல நகர்ந்து, பக்கத்தில் போய் நின்றது.

அப்பாடா என்றேன். சொன்ன பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்களோ, வாசலிலேயே சண்டை போட்டார்களோ, நான் பார்க்க வேண்டிய விஷயமே இல்லை.

எல்லாவற்றையும் அழித்தேன். அழிக்குமுன் இன்னொரு தடவை பார்த்தேன்.