கால் கழுவுகிற பிழைப்பு

பாபநாசம் மெயின் ரோட்டில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் நடத்துகிறேன். புருவம் திருத்துவேன், மணப்பெண் அலங்காரம் செய்வேன். ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பெடிக்யூர்தான். வெந்நீர் டப்பில் காலை ஊறவைத்து, செத்த தோலைத் தேய்த்தெடுத்து, நகம் வெட்டி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைத்துவிட்டால், வந்தவர்கள் செருப்புப் போட மனசில்லாமல் நிற்பார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

கூச்சமெல்லாம் அம்மாவுக்குத்தான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னைக் காலேஜ் வரை படிக்கவைத்தவள் அவள். பட்டம் வாங்கிய பெண் ஏதாவது ஆபீஸில் ஃபேனுக்கடியில் உட்காருவாள் என்று நினைத்திருந்தாள். நானோ குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்தவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கடை திறந்த அன்று எங்கள் மாதா கோயில் ஃபாதர் வந்து ஜெபம் சொன்னார், சொந்தக்காரர்கள் வந்து கேசரி சாப்பிட்டார்கள், அம்மா வரவில்லை.

“நான் சேத்துல நின்னு ஒன்னப் படிக்க வச்சது ஊரார் காலக் கழுவவா?” என்று மட்டும் கேட்டாள்.

அதன்பிறகு யாராவது “பொண்ணு என்ன பண்ணுது?” என்று விசாரித்தால், “டவுன்ல இருக்குங்க” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். பக்கத்தில் நான் நிற்கும்போதே சொல்வாள். நானும் அவள் பெற்ற பெண்தானே, வீம்புக்குக் குறைச்சலில்லை. கடைக்கு வா என்று நானும் கூப்பிடவில்லை.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று, அந்த வாரம் வருகிற பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரை அறிவித்தார்கள். சாவதற்கு முந்தின இரவு இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவினார். அதை நினைத்து ஃபாதர் செய்கிற சடங்கு அது. முன்பெல்லாம் ஆண்களை மட்டும்தான் உட்காரவைப்பார்கள், இப்போது பெண்களும் உண்டு. அம்மா பெயரும் இருந்தது. அவளுக்கு முகமே செத்துப்போயிற்று.

“என் காலப் பாத்தா ஃபாதருக்குச் சோறு எறங்குமாடி?”

எங்கள் ஊரில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. கழுவப்போகிற காலை எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார்கள். தண்ணீர் ஊற்றித் துண்டால் ஒற்றி எடுப்பது மட்டும்தான் ஃபாதருக்கு மிச்சம். அம்மாவின் கால் அப்படி லேசில் மசிகிற கால் இல்லை. குதிகாலெல்லாம் பித்தவெடிப்பு, விரலிடுக்கில் ஆறியும் ஆறாத சேற்றுப்புண், கட்டைவிரலில் நகச்சொத்தை.

“நான் பாத்துவிடுறேம்மா. கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும்” என்றேன்.

“ஒன் தொழில வீட்டுக்குள்ள கொண்டாராத.”

சொல்லிவிட்டு, வியாழன் மத்தியானம் கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லில் காலைத் தேய் தேயென்று தேய்த்தாள். வெடிப்பில் ரத்தம் கசிந்தது. ஊரிலுள்ள காலெல்லாம் என் கைக்கு வருகிறது, இந்த ஒரு கால் வரமாட்டேன் என்கிறதே என்று எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

சாயங்காலப் பூசையில் ஃபாதர் சுருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். வயதானவர், முட்டிவலிக்காரர்.

“கடவுள் நம்மள நேசிக்கிறார்னு எத்தனையோ பேர்கிட்ட சொல்லி அனுப்பிப் பாத்தாரு. நமக்கு ஏறல. கடைசியில தானே எறங்கி வந்தாரு. வந்தவரு ஒரு துண்டையும் தண்ணியையும் எடுத்துக்கிட்டுக் கீழ உக்காந்துட்டாரு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். துண்டும் தண்ணீரும் என் கடையிலும் முதலில் எடுத்துவைக்கிற சாமான்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், ஆனால் என் ஸ்டூல் உயரத்துக்குக் கடவுள் குனிந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அன்பைச் சொல்ல அவருக்குத் தலை, கை என்று மேலே ஆயிரம் இடம் இருந்தும் காலைத்தான் தேர்ந்தெடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஃபாதர் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார். விரலிடுக்கைத் துடைக்கவில்லை என்று என் தொழில் கண் குறை வேறு கண்டுபிடித்தது. அம்மாவின் முன்னால் மண்டியிட்டதும் அவள் சட்டென்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேணாம் ஃபாதர். இது சேத்துக் காலு.”

அது ஃபாதர் அங்கியில் மாட்டியிருந்த மைக்கில் விழுந்து கோயில் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

“இயேசு கழுவ வந்தப்ப பேதுருவும் வேணாம்னுதாம்மா சொன்னாரு” என்றார் ஃபாதர். “நீங்க மெதுவா நீட்டுங்க. நான் இருக்கேன்.”

அந்த முட்டியோடு அவர் எழுந்திருக்காமல் தரையிலேயே இருந்தார். பாட்டுக்காரர்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. அம்மா அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் காலை நீட்டினாள். ஃபாதர் ரத்தத்தைப் பார்த்திருக்க வேண்டும், உள்ளங்கையில் ஏந்தித் தண்ணீர் விட்டார். ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தார். பிறகு குனிந்து முத்தமிட்டார்.

சனிக்கிழமை கடையில் ஈஸ்டர் கூட்டம். ஒரு டீச்சரின் கால் என் கையில் இருந்தபோது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். திருவிழாச் சேலை கட்டியிருந்தாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்து, “யாரப் பாக்கணும்மா?” என்று கேட்டார்.

“எம் பொண்ணத்தாங்க. இது அவ கடை” என்றாள் அம்மா, காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “காலு கழுவுவா. நல்லாக் கழுவுவா.”

டீச்சர் பாதி நனைந்த காலோடு எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டார். நான் தண்ணீரை மாற்றிக் கொண்டுவந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“ஃபாதர் குனிஞ்சப்ப ஒந் தலைதாண்டி தெரிஞ்சுது எனக்கு” என்று மெதுவாகச் சொன்னாள்.

வெடிப்புக்கு நோகாமல் கழுவினேன். விரல் விரலாக ஈரம் எடுத்தேன். எந்த வாடிக்கையாளருக்கும் செய்யாத ஒன்றையும் செய்தேன், குனிந்து அந்தக் காலில் முத்தமிட்டேன். அம்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை.