பாதி சிகரெட்

அந்த சலூனின் பின்கதவைத் திறந்தால் ஒரு சந்து. அதில் ஒரு தண்ணீர்க் குழாய், கால் உடைந்த ஒரு சுழல் நாற்காலி, அவ்வளவுதான். ஆனாலும் தன் வாழ்க்கையில் நடந்த நல்லதெல்லாம் அங்கேதான் நடந்தது என்று சலூன்காரர் இன்றைக்கும் அடித்துச் சொல்வார்.

வாடிக்கையாளர் ஓய்ந்தால் போதும், அவரும் பக்கத்து நாற்காலிக் கூட்டாளியும் பின்பக்கம் போய்விடுவார்கள். ஒரே ஒரு சிகரெட். முதல் பாதி அவனுக்கு, மீதி இவருக்கு. "உன் தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுப்பியா?" என்று இவர் தட்டுத் தடுமாறிக் கேட்டது அங்கேதான். அவன் பாதிகூட ஆகாத சிகரெட்டை நீட்டினான். அன்றைக்கே கூட்டாளி மச்சானாகிவிட்டான். அந்தக் காலத்தை நினைத்தால் அவருக்கு இப்போதும் முகம் மலர்ந்துவிடும்.

பிறகு ஒரு வருஷம் அவருக்குச் சட்டையெல்லாம் தொளதொளத்தது. நெஞ்சு படபடத்தது, கத்தி பிடித்த கை நடுங்கியது. கண்கள் பிதுங்கிக்கொண்டு வந்தன. கையில் கத்தியோடு ஒருவர் அப்படி முழித்தால் யார்தான் கழுத்தை நீட்டுவார்கள்? எல்லோரும் நைசாக மச்சான் நாற்காலிக்கு நழுவினார்கள். வீட்டில் மனைவி, "நான் என்ன பண்ணேன்னு இப்படி மொறைக்கிறீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். மனுஷன் பாவம், குடிக்கத் தண்ணீர் கேட்கத்தான் பார்த்தார்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தைராய்டு. உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாம அந்தச் சுரப்பியச் சீண்டி விடுது. கண்ணுக்குப் பின்னாடி வீங்குறதும் அதனாலதான். சிகரெட் பழக்கம் உண்டா?"

"வாழ்க்கையில ஒரு சிகரெட் வாங்கினதில்லம்மா" என்றார் இவர், தலை நிமிர்ந்து.

அவர் பொய் சொல்லவில்லை. பையில் பாக்கெட் வைத்திருப்பவன்தான் சிகரெட் குடிப்பவன் என்பது அவர் கணக்கு. மச்சானிடம் வாங்கி இழுப்பதெல்லாம் பழக்கத்தில் சேருமா என்ன?

மாத்திரையில் கை நடுக்கம் நின்றது, படபடப்பும் அடங்கியது. கண் மட்டும் மோசமானது. ஒருநாள் சீப்புக்குக் கீழே ஒரு காது இரண்டாகத் தெரிந்தது. எந்தக் காதை விட்டு எந்த முடியை வெட்டுவது? கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

"டேய், நீ ரெண்டு பேரா தெரியுற."

"ஒரு மச்சானையே உன்னால சமாளிக்க முடியல" என்று சிரித்தவன், அவர் முகத்தைப் பார்த்ததும் கத்தரியை எடுத்து மீதி முடியைத் தானே வெட்டினான்.

அடுத்த முறை அவனும் கூடப் போனான். டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். இவரும் அதே பதிலை, அதே கம்பீரத்தோடு சொன்னார். மச்சான் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

"டாக்டர், வாங்குறது நான். தினமும் ஏழெட்டு. ஒவ்வொண்ணுலயும் பாதி இவருக்கு."

"பாதியோ முழுசோ, கண்ணுக்கு எல்லாம் புகைதான்" என்றார் டாக்டரம்மா. "புகை பிடிச்சா இந்தக் கண் நோய் முத்தும், மருந்தும் சரியா கேக்காது. இப்பவே விடுங்க. நீங்களும் இவர் பக்கத்துல நின்னு ஊதாதீங்க."

கடைக்கு வந்ததும் மச்சான் பாக்கெட்டைக் குழாயடியில் நனைத்து, கசக்கிப் போட்டான். அதோடு இருவரும் விட்டார்கள். பின்கதவும் மூடியே கிடந்தது. சலூன்காரருக்கு நாக்கு கேட்ட சிகரெட்டைவிட அந்தச் சந்துதான் அதிகமாக வேண்டியிருந்தது. மச்சான் பக்கத்திலேயே இருந்தும் அவனைப் பிரிந்துவிட்டது போல் தவித்தார்.

ஒருநாள் மச்சானே கதவைத் திறந்தான். "வாடா, சும்மா நிப்போம்."

சும்மா நின்றார்கள். கைகளை எங்கே வைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. மறுநாளும் நின்றார்கள்.

ஊசி, புதுக் கண்ணாடி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி நடை. பிதுக்கம் முழுசாக உள்ளே போகவில்லை. வாடிக்கையாளர்கள் இன்றும் லேசாகப் பயந்துகொண்டுதான் அவர் நாற்காலியில் உட்காருகிறார்கள். ஆனாலும் உட்காருகிறார்கள்.

ஒரு மாலை சந்தில் நிற்கும்போது மச்சான் கேட்டான். "இப்ப நான் எத்தனை பேரா தெரியுறேன்?"

சலூன்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவனைப் பார்த்தார்.

"ஒருத்தன்டா" என்றார். "ஒருத்தன் போதும்."