சீலா மீனின் வாயில் ஓட்டை

கோவில்பட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்கு மீன் வாங்க, கயத்தாறில் பஸ் நின்றதும் இறங்குகிறேன். பைக்கில் வந்த மீன்காரன் ஐஸ் பெட்டியைத் திறக்கிறான்.

"தூண்டில்ல பட்ட சீலா அண்ணாச்சி. வலை மீன் இல்ல, அதான் வெல கூட" என்று அதன் வாயில் இருக்கும் ஓட்டையைக் காட்டுகிறான்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயுசு முழுக்கத் தூத்துக்குடிக் கடலில் தூண்டில் போட்டவன் நான். சீலா கடித்தால் தூண்டில் நரம்பு விரலை அறுக்கும், நெஞ்சு துள்ளும். அது திமிறுகிற திமிறலில் வாய் கிழிந்துதான் மேலே வரும். இந்த ஓட்டையோ வட்டமாக இருக்கிறது.

"ஏலே, இது நீ ஆணியால குத்துனது."

சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். அவன் அசரவில்லை.

"பெறவு எப்படி இருக்கணும்? நீங்களே கீறிக் காட்டுங்க" என்று கத்தியை நீட்டுகிறான்.

நான் கையைக் கட்டிக்கொள்கிறேன். கீறிக் காட்டினால் நாளையிலிருந்து சரியாகக் கிழிப்பான்.